சந்திரம்மாள் வரைந்த நாய்கள்

தில்லி ஜனக்புரியில் நவரங் அப்பார்ட்மெண்ட்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஆறு பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டின காலத்தில் எல்லோருக்கும் முழங்கால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பாங்கிலும் பொதுத்துறைக் கம்பெனிகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பஞ்சாபிகள்தான் அதிகம் என்றாலும் தமிழ்க் குடும்பங்களும் முப்பதுக்குக் குறையாது. அந்த வீடுகளுக்கும், தோசை ருசி கண்டுவிட்ட சில பஞ்சாபி வீடுகளுக்கும் பத்தொன்பது வருடமாக இட்லி மாவு கொண்டுவந்து கொடுப்பவள் சந்திரம்மாள்.

அவளுக்கு ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமாகி தில்லிக்கு வந்த புதிதில் புருஷனும் அவளும் கட்டட வேலைக்குப் போனார்கள். புருஷன் காலமான பிறகு அவளுடைய முதுகும் செங்கல் சுமக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. உத்தம் நகரில் ஒரு வாடகை அறையில் கிரைண்டரை இறக்கிவைத்து மாவு அரைக்க ஆரம்பித்தாள். இப்போது மகன் செந்தில்குமார் ஈ-ரிக்‌ஷா ஓட்டுகிறான். மருமகள் கவிதா அரிசி களைந்து போடவும் பாக்கெட் கட்டவும் கூட இருக்கிறாள். ஆனால் படி ஏறுவது மட்டும் சந்திரம்மாள்தான். அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவள் காலிங் பெல்லைத் தொடமாட்டாள். பெல்லை அடித்தால் கொரியர்காரனோ ஓட்டு கேட்க வந்தவனோ என்று நினைத்து, மூடிய கதவுக்குள்ளிருந்தே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று "மாவேய்!" என்று ஒரு குரல் கொடுத்தால், இரண்டு மாடிக்கும் சேர்த்துக் கதவு திறக்கும். எந்த வீட்டில் புளிப்பு பிடிக்கும், எந்த வீட்டில் மாமனாருக்கு இட்லி ஆகாமல் தோசை மட்டும், எந்த வீட்டில் சனிக்கிழமை ஒரு பாக்கெட் கூட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் மூளையில் இருக்கிற இடவசதி நமக்கு வாய்ப்பதில்லை.

வீட்டு நாய்களும் அந்த மனப்பாடத்தில் சேர்த்தி. மாவு விற்க வந்த மூன்றாவது வருடம் ஏ பிளாக்கில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் அவள் கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு, நாயைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கதவின் முன்னாலும் போய் நிற்பதில்லை. குரைப்பது எது, கடிப்பது எது, சும்மா வாலாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வது எது என்று நவரங் அப்பார்ட்மெண்ட்ஸின் அத்தனை நாய்களின் குணமும் அவளுக்கு அத்துப்படி. நாய்களுக்கும் அவளைத் தெரியும். மாவு வாசனையா, அவள் குரலா தெரியாது. ஆனால் பழைய நாய்கள் எதுவும் அவளைப் பார்த்துக் குரைப்பதில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் அவளுக்கு சிக்குன்குன்யா வந்தது. மூன்று வாரம் எழுந்திருக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் கவிதாவை அனுப்பினாள். கவிதாவுக்கோ நாய் என்றால் கையும் ஓடாது, காலும் ஓடாது. முதல் நாளே பாதி மாவைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அன்றைக்கு சந்திரம்மாள் படுத்த படுக்கையாக இருந்தபடியே பழைய சாமி காலண்டர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, கரிப் பென்சிலால் ஒரு படம் போட்டுக் கொடுத்தாள். ஒரு பிளாக்குக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் கதவுகள். கதவில் எத்தனை புள்ளியோ அத்தனை பாக்கெட். நாய் இருக்கிற வீட்டில் நாய் படம். காது தூக்கிய நாய் குரைப்பதோடு சரி. பல்லோடு இருக்கிற நாய் கடிக்கும், கட்டச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வால் மட்டும் நீளமாக இருந்தால் பயமில்லை. கவிதா அந்தக் காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று வாரமும் கடி படாமல் தப்பித்தாள்.

இவ்வளவு கதையும் எதற்கென்றால், இந்தக் காலண்டர்தான் பிறகு எல்லா வம்பையும் கொண்டுவந்தது.

இந்த வருடம் தில்லியில் திரும்பின பக்கமெல்லாம் நாய்ப் பேச்சு. டி.வி.யில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதே சமயம் நவரங் அப்பார்ட்மெண்ட்ஸில் தண்ணீர் ஃபில்டர் சுத்தம் செய்கிறேன் என்று வந்த ஒருவன் டி பிளாக்கில் ஒரு செல்போனை அடித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரமே ஒரு வீட்டு நாய் படியிறங்கி வந்து கொரியர் பையனின் பேண்டைக் கிழித்தது. குடியிருப்போர் சங்கம் கூடியது. கூடினால் ஏதாவது தீர்மானம் போடாமல் கலையக் கூடாது அல்லவா? கேட்டில் ஒரு போர்டு வைத்தார்கள். வீடு வீடாக வந்து விற்பவர்கள் சங்கத்தில் பதிவு செய்து பாஸ் வாங்க வேண்டும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் நகராட்சியில் பதிவு செய்து, தடுப்பூசிச் சான்றைச் சங்கத்தில் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே போர்டில், ஒன்றன் கீழ் ஒன்றாக.

கேட்டில் நிற்கும் காவலாளி ராம்பீர் அதைப் படித்துச் சொன்னதும் சந்திரம்மாள் சிரித்துவிட்டாள்.

"இன்னா பையா, என்னியும் நாயியும் ஒரே போர்டுல போட்டுட்டாங்க?"

ராம்பீருக்குத் தமிழ் தெரியாது. பதிலுக்கு அவனும் சிரித்தான். ஆனால் பாஸ் இல்லாமல் பதினைந்து நாளைக்கு மேல் உள்ளே விட முடியாது என்பதை அவன் ஹிந்தியில் தெளிவாகவே சொன்னான். சந்திரம்மாளின் சிரிப்பு நின்றது. அவளுடைய மாவில் முக்கால்வாசி இந்த ஒரே கேட்டுக்குள்தான் போகிறது. இதை மூடிவிட்டால் கிரைண்டரையும் மூடிவைக்க வேண்டியதுதான்.

பாஸுக்கு ஒரு பாரம். அதில் போட்டோ, ஆதார், போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் கேட்டிருந்தார்கள். அவற்றைச் செந்தில்குமார் இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டு அலைந்து முடித்தான். அதன் பிறகு குடியிருப்பவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரி. அங்கேதான் இடித்தது. பத்தொன்பது வருடம் அவள் மாவில் வளர்ந்த வீடுகள், கையெழுத்து என்றதும் "அவர் ஆபீஸிலேருந்து வரட்டும்", "பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று இழுத்தன. அவர்களையும் குறை சொல்ல முடியாது. நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் போலீஸ் கையெழுத்துப் போட்டவரைத்தானே முதலில் தேடும்?

கடைசியில் பி பிளாக் மூன்றாம் மாடியில் உமாமகேஸ்வரி டீச்சர், அவள் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே பாரத்தை வாங்கிக்கொண்டார்.

"குடு இங்க. எங்க போடோணும்? இங்கயா? உனக்குப் போடாம வேற யாருக்குப் போடறது?" என்று நின்ற இடத்திலேயே, சுவரில் பாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சருக்குக் கோயமுத்தூர். தில்லியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். தனியாக என்று சங்கத்துக்குத்தான் கணக்கு. உள்ளே மிளகு இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் மழையில் நனைந்துகொண்டிருந்த கறுப்பு நாய்க்குட்டி. அது குரைக்காது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. சந்தோஷம் வந்தால் தும்முவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வாடகை ஒப்பந்தத்தில் பிராணி வளர்க்கக் கூடாது என்று இருப்பதால், டீச்சர் விடியற்காலையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் அதைக் கீழே கூட்டிப்போய் வந்துவிடுவார். எதிர்வீட்டு மஞ்சுவுக்குக்கூட அப்படி ஒரு நாய் இருப்பது தெரியாது. சந்திரம்மாளுக்குத் தெரியும். மாவு வாங்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் டீச்சரின் புடவைக்குப் பின்னாலிருந்து அது எட்டிப் பார்த்துத் தும்மும்.

கையெழுத்து வாங்கின கையோடு சந்திரம்மாள் சங்க ஆபீசுக்குப் போனாள். செயலாளர் இராஜமாணிக்கம் பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதோடு இன்னொரு காகிதம் கேட்பார், அதுதான் அவருடைய குறை. பாரத்தை மேலிருந்து கீழே படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. கடைசிக் கட்டம் காலியா இருக்கே. எந்தெந்த வீட்டுக்குப் போறேன்னு லிஸ்ட் கேட்டிருக்கு பாரு."

"லிஸ்ட்டுன்னா எழுதியா சார்? எனக்கு எழுதத் தெரியாதே."

"எப்படியாவது குடு. ரெக்கார்டுக்கு வேணும்."

சந்திரம்மாள் யோசித்தாள். மறுநாள் காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து அவர் மேஜை மேல் விரித்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. எழுதத் தெரியாதவள் கொண்டுவந்த லிஸ்ட்டில் ஒரு வீடு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கட்டுமே!

இராஜமாணிக்கம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். உண்மையாகவே அசந்துபோனார்.

"அடேயப்பா! இது எல்லாம் நீயா போட்டே? இது ஏ பிளாக்கா?"

"ஆமா சார். இந்தாண்ட ஏ, அந்தாண்ட பி."

"இந்தப் புள்ளி?"

"பாக்கெட்டு."

"இது என்ன, பல்லோட?"

"அது ரெண்டாவது மாடி மல்ஹோத்ரா வூட்டு நாயி சார். கட்டி வச்சிருந்தாதான் நான் போவேன். இது காது தூக்கினது, மேல் மாடில. சும்மா கத்தும், கடிக்காது."

அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். பத்தொன்பது வருடத்தில் அவளுடைய தொழிலைப் பற்றி இவ்வளவு அக்கறையாக ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீ கூட வந்தது. அவருடைய விரல் பி பிளாக் மூன்றாம் மாடியில் வந்து நின்றது.

"இந்த நாய்க்கு வாயே இல்லையே? மறந்துட்டியா?"

"மறக்கல சார்," என்று சந்திரம்மாள் சிரித்தாள். "அது டீச்சரம்மா வூட்டு மொளவு. அது கொலைக்கவே கொலைக்காது. அதான் வாயி போடல."

இராஜமாணிக்கம் தலையாட்டினார். செல்போனை எடுத்து, நிழல் விழாமல் நான்கு மூலையையும் சரிபார்த்து அந்தக் காலண்டரைப் படம் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளில் பாஸ் வந்துவிட்டது. பிளாஸ்டிக் உறைக்குள் அவள் போட்டோ, சிவப்புக் கயிறு. எண் ஒன்று. ராம்பீர் அதைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

நான்காம் நாள் "மாவேய்!" என்று அவள் குரல் கொடுத்தபோது ஏ பிளாக்கில் ஒரு கதவும் திறக்கவில்லை. மல்ஹோத்ரா வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தார். இரண்டு வீட்டில் வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்களா, தன் மாவில் ஏதாவது குறையா என்று குழம்பிக்கொண்டு அவள் பி பிளாக்குக்கு வந்தாள். மூன்றாம் மாடியில் மஞ்சு கைக்குழந்தையோடு வெளியே வந்து, அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்களா லிஸ்ட் குடுத்தீங்க?"

"என் லிஸ்ட்ட நான்தான் குடுத்தேன். ஏன்?"

மஞ்சு தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழும் ஹிந்தியுமாகக் கலந்து, விஷயத்தைச் சொல்லி முடித்தாள். நாய் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே வந்து சொல்லுங்கள் என்று சங்கம் போன மாதமே கேட்டிருந்தது. மூன்று வீடுகள்தான் சொன்னன. மற்ற எட்டு வீடுகளும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்மென்று இருந்தன. இப்போது அந்த எட்டுக் கதவுகளுக்குக் கீழும் நோட்டீஸ் வந்திருக்கிறது. நாயின் நிறம், குணம் முதற்கொண்டு. மாவு விற்கிறவள் பாஸுக்காக எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று வாட்ஸாப்பில் பேசிக்கொள்கிறார்கள்.

சந்திரம்மாளுக்கு முதலில் புரியவில்லை. நாய் இருப்பதை ஒருவர் மறைப்பார் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. குரைக்கிற பொருளை எப்படி மறைப்பது? பிறகு வாய் இல்லாமல் தான் வரைந்த நாய் நினைவுக்கு வந்தது. திரும்பி டீச்சர் வீட்டுக் கதவைப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டு பெல்லை அழுத்தினாள்.

டீச்சர் கதவைத் திறந்தார். புடவைக்குப் பின்னாலிருந்து மிளகு எட்டிப் பார்த்துத் தும்மியது. அதற்கு என்ன தெரியும்?

"நோட்டீஸ் வீட்டு ஓனருக்கும் ஒண்ணு போயிருச்சு," என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "குர்காவ்ன்லருந்து போன் பண்ணினாரு. மாசக் கடைசிக்குள்ள நாயி போகோணும், இல்லீன்னா நான் போகோணுமாம்."

"டீச்சரம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் வீடு தெரியறதுக்குப் போட்ட படம்..."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ வேணும்னு செய்யல. ஆனா ஆறு வருசமா நான் யாருக்கும் சொல்லல. உனக்கு மட்டுந்தான் தெரியும்." கதவுப் பிடியில் கை வைத்தார். "இனி மாவு வேண்டாம் சந்திரம்மா."

கதவை மெதுவாகச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது சந்திரம்மாளுக்கு. தனக்காகக் கையெழுத்துப் போட்ட ஒரே ஒருவர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேராகச் சங்க ஆபீசுக்குப் போனாள். கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"சார், இத நீங்களே வச்சிக்கிங்க. போன்ல புடிச்ச அந்தக் காலண்டர் படத்த அழிச்சிடுங்க. டீச்சரம்மா வூட்டு நாய மட்டுமாவது லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க."

இராஜமாணிக்கம் சங்கடத்தோடு நெளிந்தார்.

"நாய் வச்சிருக்கிறவங்க பதிவு பண்ணணும், ஊசி போடணும். சட்டம் அது. நல்லதுக்குத்தானேம்மா?"

"நல்லதுதான் சார், நான் இல்லன்னா சொன்னேன்? கடி வாங்கின காலு இது. ஆனா அது வூட்ட வுட்டே போவணும்ன்றாங்களே?"

"அது டீச்சருக்கும் ஓனருக்கும் உள்ள ஒப்பந்தம். நோட்டீஸ் காப்பி ஓனருக்குப் போகணும்னு ரூல்ஸ். போயிடுச்சு. அவருக்குத் தெரிஞ்சதை நான் எப்படி அழிக்க முடியும்?" என்றார். பிறகு பாஸை அவள் பக்கம் தள்ளினார். "இதை எடுத்துக்கம்மா. இதைத் திருப்பிக் குடுத்தா அந்த நாய் இங்கே இருந்துடுமா?"

இருக்காதுதான். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. பாஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நாய் போனால் டீச்சர் நடைப்பிணம். நாய் போகாவிட்டால் டீச்சருக்கு வீடு வேண்டும். சந்திரம்மாள் அன்றைக்கே தேட ஆரம்பித்தாள். காலையில் மாவு கொடுத்து முடித்ததும், காலிப் பையைக் கேட்டில் ராம்பீரிடம் விட்டுவிட்டு, வெறும் கையோடு அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் கதவு கதவாகப் போனாள்.

கையில் சரக்கோடு போகிறவளை வேண்டாம் என்று அனுப்புவார்கள். வெறும் கையோடு போகிறவளைக் கண்டால் பயப்படுகிறார்கள் என்பதை அவள் அப்போதுதான் கண்டாள். "குச் நஹீ சாஹியே", ஒன்றும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே கதவு சாத்தினார்கள். ஒன்றும் விற்கவில்லை, வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டால், யாருக்கு என்றார்கள். ஒரு ரிட்டயர்டு டீச்சருக்கு என்றால் முகம் மலர்ந்தது. கூட ஒரு நாய் என்றதும் மலர்ந்தது வாடியது. சில கேட்டுகளில் உள்ளேயே விடவில்லை. ஒரு காவலாளி அவளுடைய பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வேறு சொசைட்டி பாஸ், இங்கே செல்லாது என்றான்.

ஒன்பது நாள் இப்படியே போயிற்று. பத்தாவது நாள் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மாவு விற்க ஆரம்பித்த காலத்தில் இப்படியா எல்லாக் கதவையும் தட்டினாள்? வாசலில் கோலம் இருக்கிற கதவாகப் பார்த்தல்லவா முதலில் குரல் கொடுத்தாள்? நாய்க்கு வீடு வேண்டுமென்றால் நாய் இருக்கிற வாசலாகத் தேட வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் மனிதர்களைக் கேட்கவில்லை. குரைப்புச் சத்தம் வந்த வீடுகளாகப் பார்த்து நின்றாள். மறுநாள், டி பிளாக்குக்குப் பின்னால் கேட் போட்ட ஒரு சந்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளம் பூட்டிக்கிடந்தது. மாடியிலிருந்து இரண்டு நாய்கள் அவளைப் பார்த்துக் கத்தித் தீர்த்தன. காவலாளி தடுப்பதற்குள், வெள்ளைத் தாடி சர்தார்ஜி ஒருவர் அவற்றை அதட்டிக்கொண்டே பால்கனிக்கு வந்தார். தனக்குத் தெரிந்த ஹிந்தியில் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு உரக்கச் சிரித்தார். இரண்டு வருடமாகக் கீழ்வீடு காலியாம். யார் வந்து பார்த்தாலும் இந்த இரண்டு பேரின் கச்சேரியைக் கேட்டுவிட்டு ஓடிவிடுகிறார்களாம். நாயோடு வருகிற குடித்தனக்காரர் கிடைத்தால் நாளைக்கே சாவி தருகிறேன் என்றார்.

டீச்சரிடம் நேரே போய்ச் சொல்ல அவளுக்கு முகம் இல்லை. மஞ்சுவிடம் சொல்லி அனுப்பினாள். டீச்சர் போய்ப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, முன்பணம் கொடுத்துவிட்டார் என்று மஞ்சுதான் வந்து சொன்னாள். நகராட்சியில் மிளகின் பெயரைப் பதிந்து, கழுத்துக்கு ஒரு வில்லையும் வாங்கிவிட்டாராம்.

"என்னப் பத்தி எதுனா கேட்டாங்களா?" என்றாள் சந்திரம்மாள்.

"இல்ல ஆன்ட்டி," என்றாள் மஞ்சு. பாவம், ஆறுதலுக்காகக்கூட அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி டெம்போ வந்தது. சாமான்கள் ஏறுவதை சந்திரம்மாள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மிளகை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். பட்டப்பகலில், எல்லோருக்கும் தெரிய அது வெளியே வந்தது அன்றைக்குத்தான். அவளைப் பார்த்ததும் மடியிலேயே எழுந்து நின்று தும்மித் தீர்த்தது. டீச்சர் அதை அணைத்து உட்காரவைத்தார். அவரும் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆட்டோ போய்விட்டது.

மற்ற வீடுகளின் கோபம் மெல்ல ஆறியது. எல்லா நாய்களுக்கும் ஊசி போட்டாயிற்று, வில்லை வந்தாயிற்று. கடைமாவைப் பத்து நாள் வாங்கிப் பார்த்த மல்ஹோத்ரா வீட்டம்மா, அதில் சோடா வாசனை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரும்பவும் கதவைத் திறந்தார். கிரைண்டர் பழையபடி ஓடியது. ஆனால் சந்திரம்மாளுக்கு பி பிளாக் மூன்றாம் மாடி ஏறும்போது கால் கனத்தது. அந்த வீட்டுக்கு யாரோ புதிதாக வந்திருந்தார்கள். அவர்கள் மாவு கேட்டபோதும், தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

குளிர்காலம் வந்தது. தில்லிக் குளிரில் மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, கிரைண்டர் பக்கத்தில் இரண்டு நாள் காத்துக் கிடக்க வேண்டும். அப்படி ஒருநாள் மாவு அருமையாகப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவளைக் கவிதா கவனித்தாள்.

"டீச்சரம்மாவுக்கு ஒண்ணு எடுத்துனு போய்த்தான் பாரேன் அத்தே. தொரத்தினா தொரத்தட்டும்."

அவள் போனாள். பனி விலகாத காலை. சந்துக் கேட்டில் ஒரு புதுக் காவலாளி மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு போர்டு. என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பையைப் பார்த்ததுமே அவன் கையை நீட்டித் தடுத்தான். சேல்ஸ்காரர்களுக்கு அனுமதி இல்லை. பாஸ் இருக்கிறதா? இருக்கிறது, இந்த இடத்துக்கு இல்லை. அவள் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவன், எந்த வீடு என்று கேட்டு, செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டு டீச்சரைக் கூப்பிட்டுவிட்டான்.

"மேடம்ஜி, ஏக் ஆன்ட்டி ஆயி ஹை. டோசா கா மால் பேச்னே வாலி. வாபஸ் பேஜ் தூ?"

தோசை மாவு விற்கிறவள் ஒருத்தி வந்திருக்கிறாள், திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டான். சந்திரம்மாள் பையின் காதை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். திருப்பி அனுப்பு என்று சொன்னால் அந்த வார்த்தையைக் கேட்காமல் போய்விட வேண்டும் என்று ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"யாருன்னு பேரு கேளு," என்று டீச்சரின் குரல் ஹிந்தியில் கேட்டது.

அவன் கேட்டான். அவள் சொன்னாள். அவன் போனில் சொன்னான்.

"பேச்னே வாலி நஹீ ஹை, பையா," என்றது போன். விற்க வந்தவள் இல்லை. "ஹமாரே கர் கீ ஹை."

எங்கள் வீட்டு மனுஷி. காவலாளி அவளை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து, எதற்காக வந்தார் என்கிற இடத்தில் என்னவோ எழுதினான். போன் இன்னும் அவன் கையில் அணையாமல் இருந்தது. அதிலிருந்து இப்போது தமிழ் வந்தது.

"சந்திரம்மா, பனில நின்னுட்டு இருக்காத. சட்டுனு உள்ள வா. தோசைக்கல்லு போட்டுட்டேன்."

கேட் திறந்தது. சந்திரம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். போனில் யாரோ தும்முகிற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது.